ஏறாத பாதரசம்

"பாலே இல்லாதவள வெச்சிக்கினு இன்னா பண்றது? சிந்தாதிரிப்பேட்டைக்கே, அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு, பையனுக்கு வேற பொண்ணு பாக்குறேன்" என்று மயிலாப்பூர் பிரசவ விடுதியில் கத்தினாள் ஹாஜிரா பீ. மருமகள் நஸ்ருன்னிசா நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் சூடாமணி, கண்ணாடிக் குழாயில் மாட்டிய ரப்பர் காம்பைப் பத்து நாள் குழந்தையின் வாயில் வைத்தாள். உறிஞ்சினால் குழாயில் பாதரசம் ஏற வேண்டும். ஏறவில்லை.

"தாய்கிட்ட பால் இருக்கு. இவன்தான் உறிஞ்சலை. பிறந்த மூணாம் நாள் நாலு விரல் உயரம் ஏத்தினானே!"

"உன் மிஷின் கெட்டுப்போச்சு."

காம்பை மாற்றி, பக்கத்துக் கட்டில் குழந்தையிடம் வைத்தாள் டாக்டர். பாதரசம் எகிறியது. திரும்பி வந்து இவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"அபின்! யார் குடுத்தது?"

ஹாஜிரா பீ ஓரடி பின்வாங்கினாள். "முட்டிவலிக்கு நான் போடுறதுதான். அல்லா மேல சத்தியமா, புள்ளைக்குக் குடுக்கல."

"பொய் சொல்லாதீங்க! செத்திருப்பான்!"

"அவங்க குடுக்கல, நான்தான் குடுத்தேன்" என்றாள் நஸ்ருன்னிசா. மாமியாரை நேராகப் பார்த்தாள்.

"அவன் அழுவுறப்பல்லாம் பாலில்ல, பாலில்லன்னு தெருவே கேக்கக் கத்துனீங்களே மாமி, இப்ப அழுவுறானா?"