கூடத்து அடுப்பு

சிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அந்தக் கடகட சத்தத்தில் டிவியில் பேசிக்கொண்டிருந்தவருக்கு வாய் மட்டும் அசைந்தது.

நாற்காலிகளில் இருந்த இருவரும் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். கேஸ் தீர்ந்துபோய் மாற்றுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பேச்சு நிற்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் இதே பேச்சுதான். எப்போதும் அடிக்கிற வேலூர் வெயில்தான் இது என்பது அவள் கணவர் ஏகாம்பரத்தின் கட்சி. பூமியே சூடாகிவிட்டது என்பது எதிர்வீட்டு மார்க்கபந்துவின் கட்சி. கணவர் அரசுப் பேருந்து ஓட்டி, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தலை நரைத்தவர். எதிர்வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். யார் விட்டுக்கொடுப்பது? வெயிலில் வேறொரு ஊர் வேலூரை முந்திவிட்டதாக நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். பெற்ற பிள்ளை மார்க்கில் பின்தங்கியது போல ஏகாம்பரத்தின் முகம் வாடிவிட்டது.

இரண்டு கட்சிக்கும் தலைக்கு மேல் ஒரே ஃபேன்.

இரண்டு கட்சிக்கும் அவள்தான் டீ போட வேண்டும்.

அடுப்பைக் கழற்ற மறுபடி உள்ளே போனாள். அடுப்படி பிற்பாடு சேர்த்துக் கட்டியது. மேலே சிமெண்ட் சீட்டு. ஜன்னல் வைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டுச் சுவர். பகலெல்லாம் சீட்டு காயும். கீழே அடுப்பு எரியும். நடுவில் அவள் நிற்பாள்.

முந்தாநாள் குழம்பு கொதிக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கிவிட்டவர் கணவர்தான். பொய் சொல்லக்கூடாது. பித்தம் என்றார். எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கச் சொன்னார்.

அடுப்படிக்கு ஒரு ஃபேன் போடுங்கள் என்று கேட்டாள். ஃபேன் ஓடினால் அடுப்பு நிற்குமா, விவரம் இல்லாமல் பேசுகிறாயே என்றார். சீட்டையாவது மாற்றலாமே என்றாள். வெயிலுக்குப் பயந்தால் வேலூரில் குடியிருக்க முடியுமா என்று சிரித்தார்.

மார்க்கபந்துவும் அன்று இருந்தார். எங்கோ பனிமலை உருகுவதற்கு மனம் உருகுகிற மனிதர். டீ வருமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அங்கேயே விழுந்து செத்தாலும் பித்தம் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கிய பிறகு பயம் போய்விட்டது.

இன்று பக்கோடா கேட்டார்கள்.

அடுப்பைத் தூக்கி வந்து டீப்பாயில் வைத்தாள். அதன் மேல் கிடந்த பேப்பரை மடித்து மார்க்கபந்துவின் கையில் கொடுத்தாள். ரெகுலேட்டரை மாட்டினாள். வாணலியில் எண்ணெய் ஊற்றினாள்.

தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்தது.

இன்னொன்று. அதுவும் அணைந்தது.

நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

போய் ஃபேனை நிறுத்தினாள்.

இறக்கைகள் ஓய்ந்து நின்ற பிறகுதான் பேச்சும் நின்றது.

"இன்னாடி பண்ற? ஃபேனப் போடு."

அவள் குச்சியைக் கிழித்தாள். நீலமாகப் பற்றியது. துளி ஆடவில்லை.

"ஃபேன் ஓடுனா அடுப்பு நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க."

குரலில் கோபம் இல்லை. எண்ணெய் காய்கிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள்.

முதல் ஈடு போட்டாள். புகை எழும்பி, போக வழி தெரியாமல் ஃபேனைச் சுற்றியது. ஏகாம்பரத்தின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மார்க்கபந்து பேப்பரால் விசிறினார். தீ நெளிந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார்.

இது வழக்கமான கோடைதானா, இல்லை வேறு ஏதாவதா என்று டிவியில் ஒருவர் கேட்டார்.



மாத்திரை போட மறந்துவிட்டதாகச் சொல்லி மார்க்கபந்து எழுந்தார். அவள் தட்டை நீட்டினாள். மரியாதைக்கு ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றித் தெருவில் இறங்கினார்.

ஏகாம்பரம் உட்கார்ந்தே இருந்தார். அது வீம்பு. இன்ஜின் சூட்டில் வளர்த்த வீம்பு. நெற்றியில் வழிந்தது கண்ணுக்குள் போனபோதுதான் எழுந்தார். கொல்லைப் பக்கம் காற்று வரும் என்று நடந்தார்.

கொல்லைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும்.

பாதியில் காலடிச் சத்தம் நின்றது. அடுப்பு இல்லாத அடுப்படி. சீட்டு மட்டும் அவர் தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது.

நிற்கட்டும். அவள் இரண்டாவது ஈடு போட்டாள்.

கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்தார். சுவிட்சைப் பார்த்தார். தீயைப் பார்த்தார். பேருந்து நிறையப் பயணிகளை அதட்டிய குரல் இப்போது இறங்கி வந்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான? அப்புறம் எடுத்துனு போயிடுவ இல்ல?"

அவள் தீயைக் குறைத்துவிட்டு உள்ளே போனாள்.

அஞ்சறைப்பெட்டியோடு வந்தாள். எங்கே வைக்கலாம் என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். டிவிக்குப் பக்கத்தில், விபத்தில்லாமல் வண்டி ஓட்டியதற்கு அவருக்குக் கொடுத்த கேடயம் இருந்தது.

அதைக் கொஞ்சம் நகர்த்தினாள். பெட்டி சரியாக உட்கார்ந்தது.

உப்பு ஜாடிக்கும் இடம் இருந்தது.