தராசு சார் எடுத்துப்போன கடிதங்கள்

"நடுநிலையாம் நடுநிலை! எழுதுறது ஒண்ணு, செய்யுறது ஒண்ணு சார்!"

வாசகர் கடிதப் பக்கத்துக்குப் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகாத உதவி ஆசிரியை, ஆசிரியர் அறைக்குள் வந்து பொரிந்து தள்ளினாள்.

"யாரைம்மா சொல்றே?"

"வேற யாரு? நம்ம தராசு சாரைத்தான்."

இருபத்தாறு வருடமாக வாராவாரம் அரசியல் கட்டுரை எழுதுகிறவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. ஆளுங்கட்சிக்காரர்கள் அவரை எதிர்க்கட்சியின் கைக்கூலி என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்களோ ஆளுங்கட்சிக்கு ஜால்ரா என்பார்கள். மனிதர் இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டு, எதிராளி சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று ஆறு புத்தகம் எழுதிவிட்டார். அவற்றைப் படித்து மயங்கித்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். அதனால் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"அவரைத் திட்டி வர்ற கடிதங்களை என் மேஜையிலேருந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிடறார் சார். நான் வந்ததுலேருந்து நாலு. பாராட்டி வந்ததைத் தொடக்கூட இல்ல."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். 'வரும்மா, அவசரப்படாதே'ங்கிறார். ஒண்ணுகூட வரலை."

ஆசிரியரின் முகம் சுருங்கியது. அந்தக் கட்டுரையை நிறுத்தச் சொல்லி இரண்டு கட்சிகளும் முதலாளியை நச்சரித்துக்கொண்டிருந்தன. இவர்தான் இதுவரை பிடிவாதமாக மறுத்துவந்தார்.

"இது உண்மைன்னா இந்த வாரத்தோட அவர் கட்டுரையை நானே நிறுத்திடறேன். எதிர்ப்பை மறைக்கிறவருக்கு இங்க இடமில்ல."

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பஸ் ஸ்டிரைக் பற்றிய கட்டுரையைத் தாக்கி எழுதிய ஒரு கண்டக்டரின் தொலைபேசி எண்ணை, கடிதம் பறிபோகும் முன்பே குறித்துவைத்திருந்தாள். ஆசிரியருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தாள்.

"ஐயா, பத்திரிகை ஆபீஸ்லேருந்து பேசறேன். ஸ்டிரைக் கட்டுரையைப் பத்தி நீங்க ஒரு கடிதம் எழுதியிருந்தீங்களே..."

"ஐயோ, இன்னும் முடியலம்மா! ரெண்டு நாள் டைம் குடுங்க."

"என்ன முடியல?"

"திருப்பி எழுதிக்கிட்டிருக்கேன். அந்த மனுஷன் கடிதத்தைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கே வந்துட்டார்! சண்டைக்குத்தான் வந்திருக்கார்னு நானும் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் என்னடான்னா, 'கோபம் நல்லாருக்கு, ஆதாரம்தான் போதலை. இப்படியே போட்டா உங்களைச் சுலபமா மடக்கிடுவாங்க'ன்னு சொல்லி, ரெண்டு மணி நேரம் கூடவே உட்கார்ந்துட்டார். இன்னும் மூணு பேர் வீட்டுக்குப் போகணுமாம்."

ஆசிரியரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்போ... திட்டாம மாத்தி எழுதச் சொன்னாரா?"

"திட்டாமலா? நல்லாக் கேட்டீங்க போங்க! அவர் கட்டுரையில மூணு தப்பு கண்டுபிடிச்சு நார் நாராக் கிழிச்சிருக்கேன்."

கண்டக்டர் குரலைச் சற்றுத் தாழ்த்தினார்.

"சும்மா சொல்லக்கூடாதும்மா. நான் பிடிச்சது ரெண்டுதான். மூணாவது, 'இதை விட்டுட்டீங்களே'ன்னு அவரே எடுத்துக் குடுத்தது."