வாத்துகளும் வருகின்றன

பல காடுகள் மோதும் கால்பந்துக் கோப்பைக்கு முதல் நாள், எந்த அணி தேறும் என்று காகம் ஒலிபெருக்கியில் அலசியது. புலிகளைப் பற்றி மத்தியானம் வரை பேசியது. கடைசியில், "வாத்துகளும் வருகின்றன" என்று முடித்தது.

"நாங்க ஆடி நீ பார்த்திருக்கியா?" என்று வாத்து அணித் தலைவி சண்டைக்குப் போனாள்.

"பார்க்கணுமா என்ன? அதான் வாத்துன்னு தெரியுதே."

"பார்க்காம சொல்றதுக்குப் பேரு அலசலா? எங்க குஞ்சுங்களும் கேட்டுக்கிட்டிருக்கு. அதுங்களுக்காகவாவது ரெண்டு வார்த்தை சொல்லேன்."

"கோவிச்சுக்காதேம்மா. கேக்கிறவங்களுக்குப் புலிதான் பிடிக்குது."

மறுநாள் வாத்துகள் ஒரு கோல் வித்தியாசத்தில் புலிகளை வென்றன. யாரும் கைதட்டவில்லை. தலைவி கூட்டத்தில் தன் குஞ்சுகளைத் தேடினாள். அவை முன்வரிசையில், உடம்பெல்லாம் கரிக்கோடு போட்டுக்கொண்டு, புலிகள் தோற்றதற்காகத் தேம்பிக்கொண்டிருந்தன.