செண்பகவடிவின் வீச்சு

அம்பாசமுத்திரத்துச் சமுதாயக்கூடத்தில் சிலம்பக் கைப்பட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மணிக்கட்டில் மாட்டினால் போதும், சிலம்ப ஆசிரியை செண்பகவடிவின் வீச்சு யார் கைக்கும் வந்துவிடும். கலை அழியக் கூடாதென்று அவளேதான் மனமுவந்து தன் அசைவுகளை அவற்றில் பதிய வைத்திருந்தாள்.

கோயில் கொடைத் திருவிழாவன்று மத்தியானம், தண்ணீர்ப் பந்தலருகே அவள் தம்பி பேச்சியப்பனுக்கும் லாரி ஓட்டும் கொம்பையாவுக்கும் வாய்த்தகராறு முற்றியது. கொம்பையா பந்தல் கம்பைப் பிடுங்கினான். அவன் கையில் பட்டை இருந்தது. கம்பு சுழன்ற விதத்திலேயே அது தன் வீச்சென்று செண்பகவடிவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீச்சை அவள் ஒருநாளும் ஆள்மேல் இறக்கியதில்லை, காற்றைத்தான் அடித்திருக்கிறாள்.

"ஏலே, குனிஞ்சுக்கோ!" என்று அலறுவதற்குள் தம்பியின் இடது கண்ணில் அடி விழுந்துவிட்டது.

அவள் பாய்ந்தாள். அந்த வீச்சு முடியும்போது வலது விலா திறந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு கம்பை உருவி அங்கேயே குத்தினாள். எலும்பு முறிந்த சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. கொம்பையா ரத்தம் கக்கியபடி சரிந்தான்.

"யக்கா, ஓங்கத்தான் செஞ்சேன்... கை நிக்கலக்கா," என்று முனகினான் கொம்பையா.

பேச்சியப்பனுக்கு ஒரு கண் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவனின் நெற்றியைத் துடைக்கச் செண்பகவடிவு கை நீட்டினாள். அந்தக் கையைக் கண்டதும் அவன் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டான்.

"நாந்தாம்ல, ஒன் அக்கா."

"தெரியுதுக்கா," என்றான், இரண்டு கைகளாலும் முகத்தை மூடியபடி.