உடையாமல் இருக்க

லிஸ்பனிலிருந்து கிளம்பும்போது மகன் கொடுத்த ஒயின் பாட்டிலைச் சூசைமாணிக்கம், இறந்துபோன மனைவியின் நூல் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதைவிட மெத்தென்று எதுவும் அகப்படவில்லை. அவள் வாசனை போய்விடுமென்று மூன்று வருடமாகத் துவைக்காமல், போகிற இடமெல்லாம் அவர் கொண்டுபோகிற சேலை.

ஊர் வந்து இறங்கியபோது பெட்டி சிவப்பாகச் சொட்டிக்கொண்டு வந்தது. “உடைஞ்சிருச்சு போல, ஐயா,” என்றார் சுங்க அதிகாரி.

வீட்டில் சேலையிலிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அமலி எட்டிப் பார்த்தாள்.

“காயறதுக்குள்ள உப்புப் போட்டு ஊற வைங்கண்ணே. வாடைகூட இல்லாமப் போயிரும்.”

“சரிம்மா.”

குழாயைத் திறந்துவிட்டு, ஒயின் எட்டாத இடம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று முந்தானையிலிருந்து சாண் சாணாக முகர்ந்துகொண்டே போனார். வாளி நிரம்பி வழிந்தது.