தேக்குத் தரை

வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவர் ஆசை ஆசையாக வாங்கி வைத்த தேக்குப் பலகைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முன்னறையில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தாள் தேவகிருபை.

"யம்மா, மேஸ்திரி இன்னா சாதாரண ஆளா? கால் வெச்சதுமே கண்டுபிடிச்சிடுவாரு. அப்புறம் என் தோலை உரிச்சி உப்பு தடவிடுவாரு," என்றார் தச்சர் ஆதிகேசவன், பசை தடவிக்கொண்டே.

"நீங்க பேசாம ஒட்டுங்க ஆசாரி. ஏழு மணி ரயிலுக்கு வந்துடுவாரு."

ஆதிகேசவன் பயந்ததில் தப்பில்லை. அவள் வீட்டுக்காரர் ஜெயகரன் ஆம்பூர் தோல் ஃபேக்டரி ஒன்றில் தரம் பிரிக்கும் மேஸ்திரி. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவார். பார்த்து முடித்த தோலில் நீலச் சாக்பீஸால் தரத்தை எழுதிவைப்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. போன வாரம் பூசணிக்காய் மேல் 'இரண்டாம் தரம்' என்று எழுதிவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார்.

வீட்டுக்குத் தரை போடும் பேச்சு எழுந்தபோதே தகராறு.

"வேலூர் லாங் பஜார்ல வினைல் ஷீட் வந்திருக்குங்க. மரம் மாதிரியே டிசைன். ஈரத் துணியால துடைச்சாப் போதும்."

"மரம் மாதிரியா? அசல் தோலைத் தடவிச் சோறு திங்கறவன் வீட்டுல மாதிரியா? தேக்குதான்!"

குடியாத்தம் போய்ப் பதினாறு பலகை அவரே பொறுக்கி எடுத்து வந்தார். ஃபேக்டரி வேலையாகக் கல்கத்தா கிளம்பும்போது, "திரும்பி வர்றப்ப தேக்கு மேல நடந்து வரணும்," என்று உத்தரவு வேறு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

நேற்றுதான் பின்தெரு தானியேல் காலமானார். அதே ஃபேக்டரியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இருபது வருஷம் நின்ற மனிதர். அவர் சம்சாரம் சவுரியம்மாளுக்குச் சவப்பெட்டிக்கு வழியில்லை என்று, தோல் அனுப்பும் பழைய பெட்டிப் பலகைகளை ஃபேக்டரியில் கொடுத்திருந்தார்கள். காலையில் ஆதிகேசவன் அதை இழைத்துக்கொண்டிருந்தபோது தேவகிருபை போய்ப் பார்த்தாள். பலகைக்குப் பலகை கறுப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று முத்திரை. எவ்வளவு இழைத்தும் போகவில்லை.

அவள் அந்தப் பலகையைத் தள்ளி வைத்தாள்.

"மனுஷனை இதுல வெச்சா அனுப்பறது? எங்க வீட்டுப் பலகையை எடுத்துக்குங்க ஆசாரி."

கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. ஒன்பது பலகை போய்விட்டது. மிச்சம் ஏழையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடக்கத்துக்குக்கூட நிற்காமல் வேலூர் பஸ்ஸைப் பிடித்து ஷீட்டை வாங்கி வந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு ஜெயகரன் வந்தார். வந்தவர் உள்ளே நுழையாமல், நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தலைக்குக் குளித்தார்.

"ஒரே ரயில் புழுதி," என்றார்.

பிறகு ஈரக்காலோடு முன்னறையில் கால் வைத்தார். ஷீட் 'கீச்' என்றது. தேவகிருபை மனசுக்குள் ஜெபத்தை ஆரம்பித்தாள்.

அவர் குனிந்தார். கட்டைவிரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"அடடா! தேக்குன்னா தேக்குதான். இன்னா குளுமை!"

ஜெபம் பாதியில் நின்றது.

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு சுந்தர்ராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் ஃபேக்டரி ஆள். ஓரத்தை நகத்தால் சுரண்ட, ஷீட் சுருண்டு எழும்பியது.

"அண்ணே, இது பிளாஸ்டிக் மாதிரி..."

"உனக்கு இன்னாடா தெரியும்? அசல் தேக்கு!"

"ஓரம் தூக்குதேண்ணே."

"ஈர மரம். காய்ஞ்சா படிஞ்சிடும்."

சுந்தர்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார். திங்கட்கிழமை ஃபேக்டரி முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும்.

இந்தக் கட்டைவிரலுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தேவகிருபைக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் வாய்ச் சவடால்தானா என்று எரிச்சலும் வந்தது. ஆனால் தன்னால் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கப்போகிறதே என்று நினைத்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னங்க... அது தேக்கு இல்ல. ஷீட்டு. உங்க பலகையை நான்தான்..."

"தெரியும்."

"கால் வெச்சதுமே தெரிஞ்சிடுச்சா?"

"அதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் சுந்தர்ராஜ் அண்ணன்கிட்ட அப்படிச் சாதிச்சீங்க?"

"நான் பிளாஸ்டிக்கைத் தேக்குன்னு நம்பி ஏமாந்ததா ஊர் நினைக்கணும், கிருபை. இல்லேன்னா பலகை எங்க போச்சுன்னு தேடி, தானியேலுக்கு ஓசிப் பெட்டின்னு பேசுவாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

"உங்களுக்கு யார் சொன்னது?"

ஜெயகரன் துண்டால் தலையைத் துவட்டினார்.

"நாலு மணி ரயிலுக்கே வந்துட்டேன். ஸ்டேஷன்ல சேதி கேள்விப்பட்டு நேரா அடக்கத்துக்குப் போய்ட்டேன். பெட்டிக்குத் தோள் குடுத்தேனா, அடிப்பலகை என் கண்ணுக்குப் பக்கத்துல. ஆசாரி அடியில இழைக்கலை போல. நீலச் சாக்பீஸ்ல என் கையெழுத்து, 'முதல் தரம்'னு. இருபது வருஷத்துல தானியேல்கிட்ட ஒரு நாள்கூட நான் வாயால சொல்லாததுடி அது."