முப்பத்தாறு மீட்டர்

"இன்னைக்கும் எண்பத்தொண்ணுதானா?"

பாண்டிச்செல்வி கேட்டதற்கு நாகஜோதி தலையை மட்டும் ஆட்டினாள். பள்ளி விட்டு எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். இயற்பியல் ஆய்வகத்தில் தோழிகள் இருவர் மட்டும்தான்.

ப்ளஸ் ஒன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த ஒரே கணக்கை நாகஜோதி முப்பது தடவையாவது போட்டிருப்பாள். ரோட்டில் டயர் தேய்த்த தடம் முப்பத்தாறு மீட்டர். தாருக்கும் டயருக்கும் உள்ள பிடிப்பு, அதாவது உராய்வுக் குணகம், 0.7. பிரேக் போட்டபோது வண்டியின் வேகம் என்ன?

மணிக்கு எண்பத்தொரு கிலோமீட்டர்.

வண்டி அவள் அப்பா பால்பாண்டியுடையது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிம்மக்கல்லில் காய்கறி இறக்கிவிட்டு லோடு வேனில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். திருவாதவூர் ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் மேல் வண்டி மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். தலையில் அடிபட்ட அப்பாவுக்கு பிரேக்கை மிதித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மிதித்தும் வண்டி நிற்கவில்லையாம். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, வேகம்தான் காரணம் என்று போலீஸில் எழுதிவிட்டார்கள்.

முன்பெல்லாம் அப்பா தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு ஹாரன் அடிப்பார். இவள் ஓடிப்போய் கேட்டைத் திறப்பாள். இப்போது வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தெருவில் யார் ஹாரன் அடித்தாலும் இவள் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"நேத்து அப்பா இந்த நோட்டப் பாத்துட்டாருடி," என்றாள் நாகஜோதி. "எம்புட்டுத் தாயி வருதுன்னாரு. சொன்னேன். அப்ப நான்தான் கொன்னுருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாரு. சாப்பிடவே இல்ல."

பாண்டிச்செல்வி பையிலிருந்து தன் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரே ஒரு தடவ அம்பதுன்னு வந்துட்டாப் போதும்டி. எங்கப்பா எனக்குத் திரும்பக் கெடச்சிருவாரு."

பாண்டிச்செல்வி எழுந்துபோய் மரப்பலகையை எடுத்து வந்தாள். அதன்மேல் ஒரு கட்டையை வைத்து, பலகையின் ஒரு நுனியை மெல்லத் தூக்கினாள். முப்பத்தைந்து டிகிரியில்தான் கட்டை வழுக்கியது. வழுக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வுக் குணகம்.

"இது வெறும் ரோடு. 0.7. நீ போடுற கணக்கு."

பிறகு ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். உள்ளே காம்பஸ் இல்லை. ஒரு பிடி நெல் இருந்தது. அதைப் பலகையில் பரப்பி, கட்டையை வைத்துத் தூக்கினாள். பதினேழு டிகிரி வருவதற்குள் கட்டை சறுக்கிக்கொண்டு கீழே வந்தது.

"0.3. இதப் போட்டுப் பாரு."

நாகஜோதி போட்டாள். ஐம்பத்து மூன்று. அடித்துவிட்டு இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் ஐம்பத்து மூன்று. சந்தோஷம் முகத்தில் வந்த வேகத்திலேயே வடிந்தது.

"எனக்காக ஒரு நம்பரக் கொண்டாந்திருக்க. ஆனா ரோட்டுல நெல்லு இல்லயேடி. போலீஸ் போட்டோவுல ரோடு சுத்தமால்ல இருக்கு."

பாண்டிச்செல்வி கட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். பலகையில் கிடந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். இரண்டு மாதமாகத் தூங்கவில்லை என்றாள். சொன்னால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாக இருந்தது என்றாள்.

"எதுக்குடி உங்கம்மாவப் பிடிக்கணும்?"

"ரோட்டுல காயப் போட்டிருந்தது எங்க நெல்லு ஜோதி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டு, போலீஸ் வாரதுக்குள்ள தார் தெரியுற வரைக்கும் கூட்டி அள்ளுனது எங்கம்மாவும் நானும்தான்."